வலைக்கு முன்னால் ஒருவர் – 9: மூன்று இறுதி ஆட்டம், ஒரே ஒரு கோல்

சென்ற அத்தியாயத்தில் ஹாக்கி கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலனை 1936 பெர்லினில், மூன்றாவது தங்கப் பதக்கத்தோடு விட்டுவிட்டு வந்தோம். 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்தியா போட்டது 29 கோல், வாங்கியது ஒன்றுமில்லை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு வாங்கியது. பெர்லினில் ஒன்று. மூன்று ஒலிம்பிக்குக்கும் சேர்த்து மூன்றே கோல். அந்தக் காலத்துப் பக்கங்களை தயான்சந்த் என்ற ஒரே பெயர் அடைத்துக்கொண்டு நிற்பதால், வாங்கிய கோல்களின் இந்தக் கணக்கை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அத்தியாயம் வெளிவந்த வாரமே, பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தெருவில் நிறுத்திவிட்டார். பதக்கம், கோல் கணக்கு எதிலும் அவருக்கு ஆர்வமில்லை. "அதெல்லாம் சரி சார், அந்தாளு சோத்துக்கு இன்னா பண்ணாரு?" என்றார்.

காஞ்சிபுரத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். சொந்தத் தறியா, கூலிக்கு நெய்கிறாரா, சொசைட்டியில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த ஊரில் ஒரு நெசவாளரின் கைத்திறனைப் பற்றிய பேச்சே தொடங்கும். இந்த வாரம் அவர் கேள்வியையே பிடித்துக்கொண்டு போவோம். காலம் 1948 முதல் 1968 வரை. ஆட்கள் மூவர்: மெட்ராஸ் போலீஸ்காரர் ஒருவர், ராணுவ பேண்டு வாத்தியக்காரர் ஒருவர், கனடாவில் பனித்தரையில் நின்று சம்பளம் வாங்கிய ஒருவர்.

முதலில் நம்மவர். சுதந்திர இந்தியா அனுப்பிய முதல் ஒலிம்பிக் ஹாக்கி அணியில் இரண்டு கோல்கீப்பர்கள் இருந்தார்கள். ஒருவர் பம்பாயின் லியோ பின்டோ. இன்னொருவர் ரங்கநாதன் பிரான்சிஸ். 1920-ல் பிறந்தவர், மெட்ராஸ் போலீஸ். 1948 ஆகஸ்ட் 12-ம் தேதி வெம்பிளியில், ஒரு வருஷம் முன்புவரை நம்மை ஆண்டவர்களை அவர்கள் ஊரிலேயே 4-0 என்று ஜெயித்தது அந்த அணி. அதைச் சொல்லி மாளாத அளவுக்கு எழுதிவிட்டார்கள்; படமும் எடுத்துவிட்டார்கள்.

நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கி. இறுதி ஆட்டத்தில் வலைக்கு முன் நின்றவர் பிரான்சிஸ். நெதர்லாந்துக்கு எதிராக 6-1. பல்பீர் சிங் மட்டும் ஐந்து கோல் போட்டார், இன்றுவரை ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் பேசப்படும் சாதனை அது. ஒருவர் ஐந்து கோல் போடும் ஆட்டத்தில் கோல்கீப்பரை யார் பார்ப்பார்கள்? ஹெல்சிங்கியில் இந்தியா ஆடிய மூன்று ஆட்டத்திலும் சேர்த்து வாங்கியது இரண்டே கோல். 1956 மெல்போர்ன் குழுவிலும் பிரான்சிஸ் இருந்தார். அப்போது அவருக்கு 36 வயது. மூன்றாவது தங்கமும் வந்தது.

ஹாக்கியில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இந்தியர்கள் மொத்தம் ஏழு பேர்தான். தயான்சந்த், ரிச்சர்ட் ஆலன், லெஸ்லி கிளாடியஸ், பல்பீர் சிங், உதம் சிங், ரந்தீர் சிங் ஜென்டில், ரங்கநாதன் பிரான்சிஸ். ஏழு பேரில் இருவர் கோல்கீப்பர்கள். ஒருவர் சென்னைக்காரர். தயான்சந்தின் பெயரைச் சொல்லாத விளையாட்டு வாத்தியார் தமிழ்நாட்டில் கிடையாது. பிரான்சிஸ் பெயரைச் சொன்ன வாத்தியாரை நான் இன்னும் பார்க்கவில்லை. 1975-ல் அவர் காலமானார்.

கோர்வைப் புடவை நெய்யும் தறியில் இரண்டு பேர் உட்கார்வது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உடலை நெய்பவர் ஒருவர். கரைக்கு நாடா வீசி, உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி கோர்த்துவிடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர். ஒரு காலத்தில் பெரும்பாலும் சின்னப் பையன். புடவை நெய்தவர் பெயர் சொசைட்டிக் கணக்கில் ஏறும். கரை விட்டுப்போன அன்றைக்குத்தான் அந்தப் பையன் பெயர் வெளியே வரும். பிரான்சிஸ் நின்ற இடம் அப்படிப்பட்ட இடம்.

சோற்றுக்கு வருவோம். பிரான்சிஸுக்குச் சோறு போட்டது போலீஸ் இலாகா. ஹாக்கி ஆடியதற்கு அவருக்கு யாரும் காசு தரவில்லை, தந்திருந்தால் அவர் ஒலிம்பிக் போயிருக்கவே முடியாது. அப்போதைய சட்டம் அது. விளையாடிக் காசு வாங்கியவன் ஒலிம்பிக்கில் கால் வைக்கக் கூடாது. 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்த அமெரிக்கர் ஏவரி பிரண்டேஜ் இந்த விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். சொந்தமாகக் கட்டுமானத் தொழில் வைத்திருந்த பணக்காரர். காசுக்காக ஆடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. நம் நாட்டில் அதற்குக் கண்டுபிடித்த வழி அரசாங்க வேலை. போலீஸ், ராணுவம், ரயில்வே, பின்னால் வங்கிகள், இந்தியன் ஏர்லைன்ஸ். வேலை ஒன்று, ஆள் எடுத்தது இன்னொன்றுக்கு. காலையில் ஹாக்கி மட்டை, மதியம் சீருடை. பிரண்டேஜ் கண்ணுக்கு இது குற்றமாகப் படவில்லை. நம் ஆட்களுக்கு மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. இந்த ஏற்பாட்டைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை; வயிறு நிறைந்தவன்தான் வலைக்கு முன்னால் அசையாமல் நிற்க முடியும்.

*

மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் பக்கத்தில் மவ் என்று ஒரு ராணுவக் குடியிருப்பு ஊர். அம்பேத்கர் பிறந்த ஊர். 1933 ஜூலை 7-ம் தேதி அங்கே பிறந்தவர் சங்கர் லட்சுமண். பக்கத்துக் கோடரியா கிராமத்துக் கால்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்த பையன். 1947-ல், பதினான்கு வயதில், ராணுவ பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தார். மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி. ஹாக்கி மட்டையைப் பிடித்ததே அதற்குப் பிறகுதான்.

கால்பந்து ஆடியவர் ஹாக்கி கோல்கீப்பரானது தற்செயல் என்று விட்டுவிடலாம், ஆனால் அந்தக் காலத்து ஹாக்கி வலையை யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். புல்தரை. கோடையில் காய்ந்து வெடித்திருக்கும், மழையில் சேறு. பந்து நேராக வராது, புல் முடிச்சில் பட்டு எகிறும். கோல்கீப்பர் அதைப் பெரும்பாலும் காலால் நிறுத்த வேண்டும், நிறுத்தின நொடியிலேயே உதைத்து வெளியே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் எதிராளியின் மட்டை வந்து சேர்ந்துவிடும். காலில் பிரம்பும் பஞ்சும் வைத்துத் தைத்த பேடு. பாதத்தில் கனமான தோல் பூட்ஸ். கையில் மெல்லிய கையுறை. தலைக்கும் முகத்துக்கும் ஒன்றும் கிடையாது. பெனால்டி கார்னர் அடிக்கும்போது தாக்குகிற அணியில் ஒருவர் குனிந்து பந்தைக் கையால் பிடித்து நிறுத்திக் கொடுப்பார், அப்போது அதற்கு அனுமதி உண்டு. பின்னாலிருந்து இன்னொருவர் மட்டையை ஓங்கி அடிப்பார். 160 கிராம் எடையுள்ள கல் மாதிரிப் பந்து. வலை 12 அடி அகலம், 7 அடி உயரம். அதற்கு முன் வெறும் முகத்தோடு ஒரு ஆள்.

1956 டிசம்பர். மெல்போர்ன். ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0, சிங்கப்பூரை 6-0 என்று இந்தியா அடித்துத் தள்ளியது. இந்த மூன்று ஆட்டத்திலும் கோல்கீப்பருக்கு வெயில் காய்வதைத் தவிர அதிக வேலை இருந்திருக்காது. அரையிறுதியில்தான் நிலைமை மாறியது. ஜெர்மனியோடு 1-0. டிசம்பர் 6-ம் தேதி இறுதி ஆட்டம், எதிரில் பாகிஸ்தான். கேப்டன் பல்பீர் சிங்கின் வலது கை விரல் முதல் ஆட்டத்திலேயே முறிந்துபோயிருந்தது. விஷயம் எதிரணிக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். முன்வரிசை தடுமாறிய நாள். ரந்தீர் சிங் ஜென்டில் பெனால்டி கார்னரில் ஒரு கோல் போட்டார். அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க அந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 23 வயது லட்சுமண் காப்பாற்றினார். ஐந்து ஆட்டம், 38 கோல் போட்டு, ஒன்று கூட வாங்காமல் அணி திரும்பியது. ஆம்ஸ்டர்டாமுக்குப் பிறகு 28 வருஷம் கழித்து அந்தச் சுழி மறுபடி வந்தது.

அடுத்தது 1960 ரோம். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் இந்தியா, மறுபடியும் பாகிஸ்தான். செப்டம்பர் 9. முதல் பாதியிலேயே நசீர் பண்டா ஒரு கோல் போட்டார். அதற்குப் பிறகு லட்சுமண் எதையும் உள்ளே விடவில்லை, ஆனால் எதிர்ப்பக்கத்தில் நம் ஆட்களாலும் போட முடியவில்லை. 0-1. 1928-லிருந்து கைவிடாமல் வைத்திருந்த தங்கம் போயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தும் ஒரு கோல் போட முடியாத முன்வரிசையை விட்டுவிட்டு, அந்த ஒரு பந்தை விட்ட கோல்கீப்பரை ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது. இந்த அநியாயம் எல்லா ஊரிலும் எல்லா ஆட்டத்திலும் நடப்பதுதான்.

1964 அக்டோபர் 23, டோக்கியோ. மூன்றாவது முறையாக அதே இரண்டு அணிகள். கேப்டன் சரண்ஜித் சிங். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் பிருதிபால் சிங் பெனால்டி கார்னரில் அடித்த பந்து கோல் கோட்டருகே பாகிஸ்தானின் முனீர் தார் காலில் பட்டது. பெனால்டி ஸ்ட்ரோக். மொகிந்தர் லால் அதைக் கோலாக்கினார். இனி மீதியிருந்தது ஏறக்குறைய அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முன்னணியில் இருக்கும் அணி இயல்பாகவே பின்வாங்கும். பின்வாங்கப் பின்வாங்க வட்டத்துக்குள் கூட்டம் சேரும், கோல்கீப்பருக்குப் பந்து கண்ணில் படுவதே கஷ்டமாகிவிடும். பத்துப் பன்னிரண்டு கால்களுக்கு நடுவிலிருந்து திடீரென்று ஒன்று வரும். 16 கெஜ வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்பது விதி. அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: வருகிற அடி எல்லாமே கிட்டத்திலிருந்து வருகிற அடி. பாகிஸ்தான் திரும்பத் திரும்ப வந்தது. லட்சுமண் நின்றார். 1-0. ஒலிம்பிக் தங்கம் திரும்பி வந்தது. அந்த வருஷமே அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இப்போது அந்த மூன்று கோல் கணக்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1-0, 0-1, 1-0. ஒலிம்பிக் இறுதி ஆட்டங்கள் மூன்று. ஒவ்வொன்றும் 70 நிமிடம். மொத்தம் 210 நிமிடம், எதிரில் அன்றைக்கு உலகத்தின் ஆகச் சிறந்த தாக்குதல் அணி. உள்ளே போனது ஒரே ஒரு பந்து. இந்திய ஹாக்கியின் பொற்காலம் என்றால் பந்தை மட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடியவர்களின் காலம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். தயான்சந்த் காலத்துக்கு அது சரி. 1956-க்குப் பிறகு தங்கமும் வெள்ளியும் முடிவானது ஒற்றைக் கோலில். ஒற்றைக் கோல் ஆட்டத்தை ஜெயித்துத் தருகிறவர் கோல் போட்டவரா, வாங்காதவரா? என் ஓட்டு இரண்டாமவருக்கு.

1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு லட்சுமணே கேப்டன். கோல்கீப்பரைக் கேப்டனாகப் போடுவது அப்போது கேள்விப்படாத சங்கதி. மைதானத்தின் ஒரு கோடியில் நிற்பவன் எப்படி ஆட்டத்தை நடத்துவான் என்பார்கள். முழு மைதானத்தையும் முகத்துக்கு நேராகப் பார்க்கிற ஒரே ஆள் அவன்தான் என்பது ஏனோ தோன்றுவதில்லை. இறுதியில் பாகிஸ்தானை மறுபடியும் 1-0. ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்தது 1998 வரை வரவில்லை. 1967-ல் லட்சுமணுக்குப் பத்மஸ்ரீ.

*

லட்சுமண் மெல்போர்னில் நின்ற அதே 1956-ல், பூமியின் இன்னொரு மூலையில் மாண்ட்ரியல் நகரத்தில் இன்னொரு கோல்கீப்பர் தன் அணிக்கு ஸ்டான்லி கோப்பையை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் ஜாக் பிளான்ட். ஆடியது ஐஸ் ஹாக்கி. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை மாண்ட்ரியல் கனடியன்ஸ் அந்தக் கோப்பையை எடுத்தது. ஐந்து முறையும், மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணியின் கோல்கீப்பருக்கு அப்போது தரப்பட்ட வெஸினா கோப்பை பிளான்டுக்கு.

இரண்டு ஆட்டத்துக்கும் வலை வேறு, தரை வேறு. பனித்தரை வலை 6 அடி அகலம், 4 அடி உயரம்தான். நம் ஹாக்கி வலையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் அங்கே வருவது பந்தல்ல, கெட்டி ரப்பர் வட்டு, பக் என்பார்கள். எடை நம் ஹாக்கிப் பந்தின் எடைதான், ஏறக்குறைய. பனியில் உராய்வு கிடையாது, வேகம் குறையாமல் வரும். காலில் சறுக்குக் கத்தி. கோல்கீப்பர் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை அதைத் தடுக்க வேண்டும். முகத்தில் அவருக்கும் அன்று ஒன்றும் கிடையாது.

பிளான்டின் கதையில் நம் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடிய ஒரு இடம் இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் பதினொரு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில் மூத்தவர் அவர். குளிருக்குக் கம்பளித் தொப்பி வாங்க வீட்டில் வசதி இல்லை. அம்மா பின்னக் கற்றுக்கொடுத்தார். பெரிய ஆட்டக்காரரான பிறகும் விடவில்லை. தொப்பி, காலுறை, உள்பனியன் எல்லாம் தானே பின்னிப் போட்டுக்கொள்வார். (நெசவில்லை, ஊசிப் பின்னல். ஆனாலும் நூலைப் பிடித்த கைதானே.) தொப்பியோடு மைதானத்தில் இறங்கக் கூடாது என்று அணியின் கோச் தடுத்ததும் உண்டு. மூச்சிரைப்பு நோயும் இருந்தது. சிறு வயதில் அதிக நேரம் சறுக்கி ஓட முடியவில்லை, அதனால்தான் வலைக்கு வந்தார்.

1959 நவம்பர் 1-ம் தேதி நியூயார்க்கில் ஆட்டம். ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளான்டின் முகத்தில் நேராக வந்து விழுந்தது. மூக்கிலிருந்து உதடு வரை கிழிந்தது. உள்ளே கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு அணிக்கு ஒரே கோல்கீப்பர்; மாற்று ஆள் கிடையாது. தையல் முடியும்வரை ஆட்டம் நின்று காத்திருக்கும். பயிற்சியின்போது மட்டும் போட்டுப் பழகிய ஃபைபர் கண்ணாடி முகமூடி ஒன்று பிளான்டிடம் இருந்தது. ஆட்டத்தில் அதைப் போட கோச் டோ பிளேக் அதுவரை சம்மதித்ததில்லை. முகமூடி போட்டவன் கோழை, கீழே வரும் பக்கும் அவனுக்குத் தெரியாது என்பது அன்றைய எண்ணம். முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று பிளான்ட் அன்றைக்குச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் பிளேக் ஒத்துக்கொண்டார். மாண்ட்ரியல் 3-1 என்று ஜெயித்தது. அதன் பிறகு 18 ஆட்டம் தோற்கவே இல்லை. கோழை என்ற பேச்சும் மெல்ல ஓய்ந்தது.

என்னை யோசிக்க வைப்பது இந்த இடம். பிளான்டால் முரண்டு பிடிக்க முடிந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டுமா? அவர் தொழில்முறை ஆட்டக்காரர். அவர் முகம் முதலாளியின் முதலீடு. அவர் இல்லாவிட்டால் அன்றைய டிக்கெட் காசு போச்சு. மாட்டேன் என்ற சொல்லுக்கு அங்கே ஒரு விலை இருந்தது. நம் லட்சுமண் ராணுவத்துக்காரர். மாட்டேன் என்பது அவர் சீருடையோடு ஒத்துப்போகிற சொல் இல்லை. பிளான்ட் முகமூடி போட்டு ஐந்து வருஷம் ஆன பிறகும் டோக்கியோவில் லட்சுமண் வெறும் முகத்தோடுதான் நின்றார். 1972 மியூனிக்கில் வெண்கலம் வாங்கிய நம் அணியின் கோல்கீப்பர், கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரெடரிக்கும் அப்படியேதான் நின்றார். அவரும் ராணுவம், சர்வீஸ் கோர்.

நம் ஹாக்கியில் முகத்துக்குக் கவசம் பரவலாக வந்தது தரை மாறிய பிறகு. செயற்கைப் புல்தரையில் முதன்முதலாக ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது 1976-ல். பந்து எகிறுவது நின்றது, வேகம் ஏறியது, வெறும் முகத்தோடு நிற்பது தற்கொலைக்குச் சமம் என்றாயிற்று. அந்த 1976 ஒலிம்பிக் நடந்த ஊர் மாண்ட்ரியல். இரண்டு ஆட்டத்தின் கோல்கீப்பர்களையும் முகமூடிக்குள் தள்ளிவிட்ட பெருமை அந்த ஒரே ஊருக்கு உண்டு.

தொழில்முறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோப்பை, பதக்கம் என்று எது இருந்தாலும் அங்கே ஆட்டக்காரர் அணியின் சொத்து. 1963 ஜூனில் மாண்ட்ரியல் பிளான்டை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிட்டது. ஏழு ஆட்டக்காரர்கள் கைமாறிய வியாபாரம் அது. பத்து வருஷம் ஆடிய ஊரிலிருந்து ஒரு கையெழுத்தில் அனுப்பினார்கள். 1965-ல் ஓய்வு. 1968-ல், 39 வயதில், செயின்ட் லூயிஸ் அணிக்குத் திரும்பி வந்தார். அடுத்த வருஷமே கிளென் ஹாலோடு சேர்ந்து வெஸினா கோப்பையை மறுபடி வாங்கினார். பிறகு டொராண்டோ, பாஸ்டன், எட்மன்டன். 1975 வரை, 46 வயது வரை ஆட்டம். கூப்பிட ஆள் இருக்கும்வரை கூலி உண்டு.

பிளான்ட் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பிய அதே 1968-ல் லட்சுமணுக்கு மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. வயது 35. அதோடு ஹாக்கியை விட்டுவிட்டார். அங்கே 39 வயதில் திரும்பி வர ஒரு சந்தை இருந்தது, இங்கே 35 வயதில் தேர்வுக் குழுவின் ஒரு பட்டியலோடு எல்லாம் முடிந்தது. மெக்சிகோ போன அணியின் கோல்கீப்பர்களில் ஒருவர் நீலகிரிக்காரர் முனீர் சேட். அணிக்கு பிருதிபால் சிங், குர்பக்ஸ் சிங் என்று இரண்டு கேப்டன்களைப் போட்டார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 1-2 என்று தோற்று, ஜெர்மனியை 2-1 என்று ஜெயித்து வெண்கலம். ஒலிம்பிக்கில் இந்தியா ஆட ஆரம்பித்த 1928-லிருந்து தங்கமோ வெள்ளியோ இல்லாமல் திரும்பிய முதல் முறை. லட்சுமண் இருந்திருந்தால் என்று எழுத ஆசைதான். ஆனால் பழியை முனீர் சேட் தலையில் வைப்பது, 1960-ல் லட்சுமணுக்குச் செய்ததையே திரும்பச் செய்வதாகும்.

லட்சுமண் ராணுவத்திலேயே தொடர்ந்தார். பேண்டு வாத்தியப் பையனாகச் சேர்ந்தவர் 1979-ல் கௌரவக் கேப்டன் பதவியோடு ஓய்வுபெற்றார். பென்ஷன் வந்தது. மவ் ஊரிலேயே இருந்தார். 2006-ல் கால் அழுகிப்போகும் நோயில் படுத்தார். அப்போதுதான் பத்திரிகைகளுக்கு அவர் ஞாபகம் வந்தது. ஏப்ரல் 29-ம் தேதி காலமானார். பிளான்ட் அதற்கு இருபது வருஷம் முன்பே, 1986 பிப்ரவரியில், வயிற்றுப் புற்றுநோயால் ஜெனீவாவில் இறந்திருந்தார். 1995-ல் மாண்ட்ரியல் அணி அவர் போட்டிருந்த 1-ம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. விற்ற அணிதான்.

நம் நாட்டில் அப்படி ஒரு கோல்கீப்பரின் எண்ணை ஓய்வுபெற வைக்க 2024 வரை ஆயிற்று. பாரிஸ் வெண்கலத்துக்குப் பிறகு, கேரளத்தின் ஸ்ரீஜேஷ் போட்ட 16-ம் எண். கிழக்கம்பலத்து விவசாயியான அவருடைய அப்பா, மகனுக்குப் பேடு வாங்கப் பசுவை விற்ற கதையைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும். அவர் காலத்தில்தான் ஹாக்கி ஆடுகிறவனை ஏலத்தில் எடுத்துச் சம்பளம் கொடுக்கும் லீக் வந்தது. ஸ்ரீஜேஷ் அதிலும் ஆடினார், ஒலிம்பிக்கிலும் ஆடினார். பிரண்டேஜ் உயிரோடிருந்தால் இரண்டையும் சேர்த்து விட்டிருக்க மாட்டார்.

ஸ்ரீஜேஷ் அத்தியாயத்துக்கு முன், அடுத்த வாரம் நாம் பனிக்கே போகிறோம், கனடாவுக்கு அல்ல, லடாக்குக்கு. குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளில் ஆடிப் பழகி, 2016-ல் முதன்முதலாக வெளிநாட்டுக்குப் போய், 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை வென்று முதல் வெற்றியைப் பார்த்த இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி. அந்த அணியின் கோல்கீப்பர் நூர் ஜஹானுக்கு லே நகரத்தில் இன்னொரு வேலையும் உண்டு. மடாலயங்களின் பழைய சுவரோவியங்களையும், பட்டுக்கரை வைத்துத் தைத்த தங்கா என்னும் துணி ஓவியங்களையும் சிதையாமல் பழுதுபார்ப்பது.

(தொடரும்)